தந்திக் கம்பத்தில் ஆரம்பித்த ஒரு குடும்பக் கம்பெனி

மின் கடத்துத்திறனுக்கு அலகு என்ன என்று கேட்டால் பழைய புத்தகம் படித்தவர்கள் 'மோ' என்பார்கள். ஓம் என்பதைத் திருப்பிப் போட்ட பெயர் அது. 1971க்குப் பிறகு அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'சீமென்ஸ்'. லேப் ரெக்கார்டில் இந்தப் பெயரை எழுதும் நம்மில் பலருக்கு அது வாஷிங் மெஷின் கம்பெனியின் பெயராகத்தான் தெரியும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு சர்க்யூட் பிரேக்கர், மோட்டார், ரயில் எஞ்சின். இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தது தெரியுமா? கான்ட்ராக்ட் வேலை. குழி தோண்டு, கம்பம் நடு, கம்பி இழு, அறுந்தால் போய் ஒட்டு, பில் போடு. அதுவும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய கான்ட்ராக்ட்.

கண்டுபிடிப்புகளால்தான் இந்தக் கம்பெனி வளர்ந்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வெர்னர் சீமென்ஸ் 1816ல் ஹனோவர் பக்கம் லெந்தே என்ற ஊரில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி. மொத்தம் பதினான்கு பிள்ளைகள் (எல்லோரும் உயிரோடு வளரவில்லை). பொறியியல் படிக்கக் காசு இல்லை. பிரஷ்ய பீரங்கிப் படையில் சேர்ந்தால் ராணுவமே படிக்க வைக்கும் என்பதால் அங்கே சேர்ந்தார். நம் ஊரிலும் அந்தக் கணக்குப் போட்டு ராணுவத்தில் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. 1839ல் அம்மா, 1840ன் ஆரம்பத்தில் அப்பா என்று சுமார் ஆறு மாத இடைவெளியில் இருவரும் போய்விட்டார்கள். தம்பிகளைக் கரை சேர்க்கும் பொறுப்பு வெர்னர் தலையில் விழுந்தது. வில்ஹெல்ம், ஃபிரெடரிக், கார்ல், வால்டர், ஓட்டோ என்று ஒரு பெரிய வரிசை. பிற்காலத்தில் இந்தக் கம்பெனி ஏன் அத்தனை ஊர்களில் முளைத்தது என்பதற்கான விடை இந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதல் பணம் எப்படி வந்தது என்பது சினிமாவில் வைக்கலாம். நண்பர்கள் இருவருக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் வெர்னர் ஒருவருக்குத் துணையாக நின்றதால் சிறைத் தண்டனை கிடைத்தது. சிறை அறைக்குள் ரசாயனங்களை வரவழைத்து மின்சாரத்தால் தங்க முலாம் பூசும் சோதனைகளைச் செய்தார். மன்னிப்பு வந்தபோது இன்னும் சில நாள் உள்ளேயே இருக்கட்டுமா என்று கேட்டாராம்! 1842ல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடம் இருபது வயதுகூட முழுதாக ஆகாத தம்பி வில்ஹெல்ம் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய், பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனியிடம் சுமார் 1,500 பவுண்டுக்கு விற்றுவிட்டு வந்தார். அண்ணன் கண்டுபிடிக்க, தம்பி வெளிநாட்டில் போய் விற்க... இந்த ஏற்பாடு அடுத்த நாற்பது வருடம் ஓடியது.

1847 அக்டோபரில் பெர்லினில் ஷோனபெர்கர் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் 'சீமென்ஸ் அண்ட் ஹால்ஸ்கே' என்ற பட்டறை திறக்கப்பட்டது. ஹால்ஸ்கே நுட்பமான கருவிகள் செய்யும் மெக்கானிக். வெர்னர் வடிவமைத்த சுட்டுமுள் தந்திக் கருவியைச் செய்துகொடுக்க இவர். முதல் போட ஒரு ஒன்றுவிட்ட சகோதரர், யோஹான் கியோர்க் சீமென்ஸ் என்ற வழக்கறிஞர். அவர் கொடுத்தது 6,842 தாலர். இந்த உறவினரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார். அவர் வரமாட்டார், அவர் மகன் வருவார்.

முதல் பெரிய வேலை பெர்லின் - பிராங்க்பர்ட் தந்திப் பாதை. சுமார் 500 கி.மீ. பெர்லினிலிருந்து ஐசநாக் வரை பூமிக்கடியில், மீதி கம்பங்களில். கம்பியின் மேல் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை இணைப்பே இல்லாமல் அழுத்திப் பூசும் இயந்திரத்தை வெர்னரும் ஹால்ஸ்கேயும் செய்திருந்தார்கள். (மலாய்க் காடுகளில் இருந்து வந்த பிசின் அது. லண்டனில் இருந்து மாதிரி அனுப்பியவர், வேறு யார், தம்பி வில்ஹெல்ம்தான்.) 1849 மார்ச்சில் பிராங்க்பர்ட் நாடாளுமன்றம் பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி இந்தக் கம்பியில் ஒரு மணி நேரத்துக்குள் பெர்லின் வந்து சேர்ந்தது. ஊரே வாய் பிளந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை கொடுத்தது பிரஷ்ய அரசு. அரசின் தந்திக் குழுவில் இருந்தவர் லெப்டினன்ட் வெர்னர் சீமென்ஸ். கருவி சப்ளை செய்த கம்பெனியின் பங்குதாரரும் அவரே! ராணுவத்தில் இருந்து விலகியது 1849 ஜூனில்தான். இன்றைக்கு இதைச் செய்தால் டெண்டர் முறைகேடு என்று ஒரு வாரம் டிவியில் ஓடும். வீரப் புருஷர் கதையாக எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

அந்தச் சலுகையும் நீடிக்கவில்லை. பூமிக்கடியில் போட்ட கம்பிகள் இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகச் செத்தன. ஆழமாகப் புதைக்கவில்லை, எலிகள் கடித்தன, கட்டாபெர்ச்சாவில் கலந்த கந்தகம் செம்பைத் தின்றது. பழி கம்பெனி மேல் விழ, வெர்னர் சும்மா இருக்காமல் 1851ல் ஒரு சிறு நூலே எழுதி, தவறு தந்தி இலாகாவின் அவசரத்தில் இருக்கிறது என்றார். சொன்னது தப்பில்லை. ஆனால் கான்ட்ராக்டர் தன் ஒரே பெரிய வாடிக்கையாளரை அச்சில் திட்டினால் என்ன ஆகும்? பிரஷ்ய ஆர்டர்கள் நின்றன. நான்கு வருடமே ஆன கம்பெனி அங்கேயே மூடியிருக்க வேண்டும்.

காப்பாற்றியது ரஷ்யா.

ஜார் மன்னரின் அரசு தந்தி போட ஆள் தேடிக்கொண்டிருந்தது. வெர்னர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, 1853ல் இருபத்து நான்கு வயது தம்பி கார்லை அனுப்பினார். அதே வருடம் கிரிமியா சண்டைக்கான மேகம் திரண்டது. போர் என்றால் மன்னருக்குச் செய்தி உடனே வேண்டும். 1853 முதல் 1855 வரை கார்ல் தலைமையில் பால்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை ஏறத்தாழ 10,000 கி.மீ. பாதை போடப்பட்டது. போர்க்களமான செவஸ்தபோல் வரை கம்பி போனது. சாலை இல்லாத ஊர்களில், பனியில், அரசின் அவசரத்தோடு செய்த வேலை.

ஆனால் உண்மையான பணம் கம்பி போட்டதில் இல்லை. போட்ட கம்பியை உயிரோடு வைத்திருந்ததில் இருந்தது. ரஷ்ய அரசு பராமரிப்பையும் அவர்களிடமே விட்டது. 1867 வரை ஓடிய இந்த ஒப்பந்தத்துக்கு 'ரெமோண்ட்' என்று பெயர். தூரத்துக்கு இவ்வளவு என்று வருடா வருடம் நிலையான தொகை வரும். பழுது நிறைய வந்தால் கம்பெனிக்கு நஷ்டம், குறைய வந்தால் லாபம். இன்றைக்கு லிஃப்ட்டுக்கும் ஏசிக்கும் நாம் போடுகிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரக்கணக்கான கி.மீ. நீளக் கம்பியில் எங்கே அறுந்தது என்று ஆள் அனுப்பித் தேடினால் கட்டுப்படியாகாது. எனவே பாதை நெடுக இடைவெளி விட்டுக் காவல் குடிசைகள். ஒவ்வொரு குடிசை வழியாகவும் கம்பி உள்ளே போய் வெளியே வரும், நடுவில் ஒரு சின்ன கல்வனாமீட்டர். காவலாளிக்குத் தந்தி மொழி தெரிய வேண்டாம், எழுத்தே தெரிய வேண்டாம். முள் ஆடுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆடாமல் நின்றால், சொல்லிக்கொடுத்தபடி கம்பியைப் பூமியோடு இணைக்க வேண்டும். எந்தக் குடிசை வரை மின்னோட்டம் வருகிறது என்று பார்த்தால், எந்த இரண்டு குடிசைகளுக்கு நடுவே பழுது என்று தெரிந்துவிடும். தாத்தார் கல்வனாமீட்டர் என்று இதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, இரண்டாம் வருட மாணவன் வரைந்துவிடக்கூடிய சர்க்யூட். ஆனால் இதுதான் காசு கொண்டுவந்தது. கண்டுபிடிப்பால் மட்டும் வளர்ந்த கம்பெனி இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ரஷ்ய அதிகாரிகளிடம் சீருடை இல்லாதவன் பேச்சு எடுபடாது என்பதால், தங்கள் ஆட்களுக்குச் சீருடை அணியும் உரிமையையும் அரசிடம் வாங்கிவிட்டார்கள். விவரமான ஆட்கள்!

லண்டன் கதை வேறு மாதிரி. 1850ல் வெறும் ஏஜென்சியாக வில்ஹெல்ம் தொடங்கியது, 1858ல் தனி நிறுவனம், 1863ல் உல்விச்சில் சொந்தக் கேபிள் தொழிற்சாலை. அங்கே கடலடிக் கேபிள்தான் பெரிய தொழில். லாபமும் பெரிது, நஷ்டமும் பெரிது. நடுக்கடலில் கம்பி அறுந்தால் முதல் மொத்தமும் தண்ணீரில். 1859ல் செங்கடல் கேபிளைச் சோதித்துவிட்டு ஏடனிலிருந்து திரும்பிய வெர்னரின் கப்பல் 'அல்மா' பாறையில் மோதி உடைந்தது. பயணிகள் ஆளில்லாத தீவில் சில நாட்கள் வெயிலில் காய்ந்த பிறகுதான் உதவி வந்தது. அந்தச் செங்கடல் - கராச்சி கேபிளும் சீக்கிரமே செத்துப்போனது.

1864ல் ஸ்பெயினின் கார்தஹேனாவுக்கும் அல்ஜீரியாவின் ஓரானுக்கும் இடையே பிரெஞ்சு அரசுக்காகக் கேபிள் போடும் வேலை. மறுபடி மறுபடி முயன்றும் அறுந்துபோனது, மொத்தமும் நஷ்டம். பெர்லினில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் கையால் தடவிப் பார்த்து அனுப்பும் ஹால்ஸ்கேக்கு இது தாங்கவில்லை. லண்டன் சூதாட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார். முதலில் லண்டன் தொழிலில் இருந்து விலகினார், 1867ல் பெர்லின் கம்பெனியை விட்டும் போனார். சண்டை போட்டுப் போகவில்லை, கடைசி வரை நட்பு இருந்தது.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தம்பி செய்த நஷ்டத்தை அண்ணன் மறந்துவிடுவார், ரத்த உறவு. பங்குதாரர் ஏன் மறக்க வேண்டும்? அதே 1864ல் காகசஸ் மலையில் கெதாபெக் என்ற இடத்தில் ஒரு செப்புச் சுரங்கத்தையும் சகோதரர்கள் வாங்கினார்கள். வால்டரும் ஓட்டோவும் பார்த்துக்கொள்ள வேண்டியது, பல வருடம் பணத்தை விழுங்கியது. வால்டர் 1868ல் குதிரையில் இருந்து விழுந்து இறந்தார், ஓட்டோ 1871ல். குடும்பத்தில் ஆளுக்கொரு வேலை கொடுக்கத் தொழிலை விரித்தால் இப்படியும் ஆகும். ஹால்ஸ்கே போனாலும் பெயர் போகவில்லை, 1966 வரை 'சீமென்ஸ் அண்ட் ஹால்ஸ்கே'தான். ஆள் விலகிய பிறகு தொண்ணூற்று ஒன்பது வருடம்!

இனி நம் பக்கத்துக் கதை. 1857 கலவரச் செய்தி லண்டன் போக வாரக்கணக்கில் ஆனது. அதன் பிறகு இந்தியாவுக்குத் தந்தி என்பது பிரிட்டிஷ் அரசுக்கு மானப் பிரச்சினை. 1864ல் பாரசீக வளைகுடா வழியாகக் கராச்சி வரை கேபிள் வந்துவிட்டது. ஆனால் துருக்கி வழியாகப் போகும் செய்திகள் நாள் கணக்கில் தாமதமாகி, மொழி தெரியாத குமாஸ்தாக்கள் கைமாறிக் கைமாறி, அடையாளமே தெரியாத சொற்களாக வந்து சேர்ந்தன. சகோதரர்கள் ஒரு திட்டம் சொன்னார்கள். லண்டன், எம்டன், பெர்லின், வார்சா, ஒடெஸ்ஸா, கெர்ச், டிஃப்லிஸ், தெஹ்ரான் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் ஒரு பாதை. தெஹ்ரானில் பிரிட்டிஷ் அரசின் லைனோடு இணைத்தால் கராச்சி, அங்கிருந்து கல்கத்தா. மொத்தம் சுமார் 11,000 கி.மீ.

பிரஷ்யா, ரஷ்யா, பாரசீகம் மூன்றிடமும் அனுமதி வேண்டும். இங்கேதான் குடும்பம் வேலை செய்தது. பெர்லினில் வெர்னர், பீட்டர்ஸ்பர்க்கில் செல்வாக்குள்ள கார்ல், டிஃப்லிஸில் வால்டர், லண்டனில் பணம் திரட்ட வில்ஹெல்ம். அன்றைக்கு வேறு எந்தக் கம்பெனிக்கும் இத்தனை தலைநகரங்களில் நம்பத் தகுந்த சொந்த ஆள் இல்லை. 1868ல் லண்டனில் இந்தோ - ஐரோப்பியத் தந்திக் கம்பெனி உருவானது. கட்டுமான வேலை சீமென்ஸுக்கு. பராமரிப்பும் சீமென்ஸுக்கே, ரஷ்யப் பாடத்தை மறக்கவில்லை.

1870 ஏப்ரல் 12 அன்று லண்டனில் விருந்தினர்கள் முன்னால் சோதனை. தெஹ்ரானில் இருந்து பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. கல்கத்தாவுக்கு 28 நிமிடம். வழியில் குமாஸ்தா யாரும் எழுதி எழுதி அனுப்பாமல், இடை நிலையங்களில் ரிலே கருவிகளே செய்தியை அடுத்த பகுதிக்குத் தள்ளிவிட்டதுதான் அந்த வேகத்தின் ரகசியம். அதே வருடம் கருங்கடல் பகுதியில் நிலநடுக்கம் வந்து கேபிள் அறுந்து, அந்தத் துண்டுக்குப் பதில் கரையோரமாகக் கம்பம் நட வேண்டியதானது. ஜான் பெண்டரின் ஆட்கள் செங்கடல் வழியாகப் பம்பாய்க்குக் கேபிள் போட்டுப் போட்டிக்கும் வந்துவிட்டார்கள். இருந்தாலும் சீமென்ஸ் பாதை முதல் உலகப்போரில் தடைபட்டு, மறுபடி எழுந்து, 1931 வரை இயங்கியது.

டைனமோவைப் பற்றி நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலைக் காந்தமே இல்லாமல், இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத் தன்மையைத் தானே பெருக்கிக்கொள்ளும் தத்துவத்தை வெர்னர் 1866ல் கண்டார். 1867 ஜனவரியில் பெர்லின் அகாடமியில் அறிவிப்பு. பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் வில்ஹெல்ம் படித்த அதே நாளில் வீட்ஸ்டனும் அதையே படித்தார். அதன் பிறகு 1879ல் பெர்லின் கண்காட்சியில் மின் ரயில், 1881ல் லிஷ்டர்ஃபெல்டேயில் மின் டிராம். (கொசுறு: வெர்னர் 1860ல் பாதரசத்தை வைத்து மின்தடைக்கு ஒரு அலகு உருவாக்கினார். 1881 பாரிஸ் மாநாடு ஓமைத்தான் தேர்ந்தெடுத்தது. தடைக்குப் பெயர் கிடைக்காமல் போய், கடைசியில் கடத்துத்திறனுக்குப் பெயர் கிடைத்தது. தலைகீழாக!)

இத்தனையும் கையில் இருந்தும், மின்விளக்குக் காலம் வந்தபோது கம்பெனி தடுமாறியது. ஏன்? அதே குடும்ப குணம்தான்.

எமில் ராத்தனாவ் என்ற பொறியாளர் 1881 பாரிஸ் கண்காட்சியில் எடிசன் விளக்கைப் பார்த்து மயங்கி, 1883ல் ஜெர்மன் எடிசன் கம்பெனியைத் தொடங்கினார். பிறகு ஏ.இ.ஜி. ஆனது இதுதான். ராத்தனாவ் ஆர்டருக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் ஊராக மின்நிலையக் கம்பெனிகளை வங்கிப் பணத்தில் தானே ஏற்படுத்துவார், அந்தக் கம்பெனிகள் அவருக்கே ஆர்டர் கொடுக்கும். வெர்னருக்கு இது பிடிக்கவில்லை. கூட்டுப் பங்கு நிறுவனம் என்றாலே பங்குச் சந்தைச் சூதாட்டம் என்ற எண்ணம். ஃபுக்கர் குடும்பத்தைப் போலப் பரம்பரைக்கும் நிலைக்கும் ஒரு வணிக வீட்டை உருவாக்குவதே இளமை முதல் தன் ஆசை என்று கார்லுக்கு எழுதியவர் அவர். எனவே ராத்தனாவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்: மின்நிலையம் நடத்துவது உன் வேலை, பெரிய இயந்திரங்கள் என் வேலை. வளரப்போகிற பாதியை எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த உறவினர் மகன். 6,842 தாலர் கொடுத்தவரின் மகன் கியோர்க் சீமென்ஸ் 1870ல் தொடங்கிய டாய்ச் வங்கியின் முதல் இயக்குநர்களில் ஒருவர். வெளியார் பணத்தை ஏற்றுக்கொள்ளும்படி வெர்னருக்கு அவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. 1887ல் ராத்தனாவின் கம்பெனி ஏ.இ.ஜி.யாக மாறியபோது பணம் போட்டவர்களில் டாய்ச் வங்கியும் இருந்தது! போட்டிக் கம்பெனியை வளர்த்ததில் சொந்தப் பங்காளிக்கும் பங்கு.

1883ல் வில்ஹெல்ம் லண்டனில் இறந்தார். 1890ல் வெர்னர் பொறுப்பை கார்லிடமும் தன் மகன்கள் ஆர்னால்ட், வில்ஹெல்மிடமும் விட்டு ஒதுங்கினார். 1892 டிசம்பரில் மறைந்தார். ஐந்தே வருடம், 1897ல் கம்பெனி 35 மில்லியன் மார்க் முதலுடன் கூட்டுப் பங்கு நிறுவனம் ஆனது. வெர்னர் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனால் புடாபெஸ்ட்டில் 1896ல் சுரங்க ரயில், பெர்லினில் 1902ல் உயர்மட்ட ரயில் என்று வந்த வேலைகளின் அளவுக்கு ஒரு குடும்பத்தின் பெட்டி போதாது. 1903ல் ஷுக்கெர்ட் கம்பெனியின் கனரக மின்துறையும் வந்து சேர்ந்தது.

அதன் பிறகும் தலைமை நாற்காலி குடும்பத்திலேயே இருந்தது. அந்த நாற்காலியின் காலத்திலேயே இரண்டாம் உலகப்போரில் குறைந்தது 80,000 பேர் இந்தக் கம்பெனியில் கட்டாய உழைப்பாளிகளாக வேலை வாங்கப்பட்டார்கள். ராவென்ஸ்புருக் பெண்கள் சித்திரவதை முகாமை ஒட்டியே தொழிற்கூடம் இருந்தது. கம்பெனி வரலாறு என்று எழுதினால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். டைனமோவோடு முடித்துக்கொள்வது சௌகரியமான வரலாறு.

மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை வகித்த கடைசிக் குடும்ப உறுப்பினர் பீட்டர் ஃபான் சீமென்ஸ். 1981ல் ஓய்வு பெற்றார். குடும்பத்திடம் இன்று இருப்பது சில சதவீதப் பங்குகள்தான். வெர்னரை முந்திய ராத்தனாவின் ஏ.இ.ஜி. என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: 1980களில் நொடித்து, டைம்லர் - பென்ஸ் கைக்குப் போய், 1996ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. பெயர் மட்டும் வேறு ஆட்களின் வாஷிங் மெஷின்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை இன்னும் சுவாரஸ்யம். செமஸ்டர் முடியட்டும், எழுதுகிறேன்.